டேங்க் ஸ்டாப் உறுப்பினர்

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒருவர் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு எம்.பி.யின் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.பி. கையை ஓங்கினால் பின்னால் இடி இடிக்கிறது. முறைத்தால் உறுமி மேளம் அடிக்கிறது. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

"செம்மயா பேசறாருல்ல ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டார்.

"எதப் பத்திப் பேசறாரு?" என்றேன்.

மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். "அது புரியல. ஆனா மந்திரிய கிழிச்சித் தொங்க வுட்டுட்டாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த எம்.பி. பேச்சு வியாபாரத்தில் என் வாழ்க்கையின் பாதி போயிருக்கிறது. மந்திரியைக் கிழிக்காமல், கையை ஓங்காமல், பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு வருடம் முழுக்க ஒரே விஷயத்தைப் பேசிய ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். அந்த ஒரு வருடத்தை எழுதிவைக்க வேண்டும் என்று ஓரகடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

என் பெயர் சகுந்தலா. ஊர் மண்ணூர். காஞ்சிபுரத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தேன், அது மூடியதும் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் சேர்ந்தேன். எம்.பி.க்கள் மாறினார்கள், நான் நாற்காலி மாறவில்லை. மூன்றாவதாக வந்தவர்தான் ஏகாம்பரம்.

அவர் சீட்டு கடைசி வரிசை. பின்னால் சுவர். "நல்ல எடம்மா, சாஞ்சிக்கலாம்" என்றார் முதல் நாளே. முன்வரிசைக்காரர்கள் பெரிய மசோதாக்களில் பேசுவார்கள். பின்வரிசைக்கு மிச்சம் மீதிதான் வரும். ஐந்து நிமிடம், மூன்று நிமிடம், சில நாள் 'உங்கள் உரையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்ற ஒற்றை வரி. கல்யாணப் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவருக்குப் பாயசம் வருமா வராதா என்ற கதைதான்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து டிக்டேஷன் கொடுக்கவே மாட்டார். வறுத்த வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடப்பார். அத்தை வீட்டில் நடந்த சண்டையைச் சொல்வதுபோல விஷயத்தைச் சொல்வார். முடித்ததும், "இத இங்கிலீஷ்ல போட்டுடும்மா. ஆனா படிக்கும்போது என் மூஞ்சி தெரியணும்" என்பார். கடலைத் தோல் என் மேசை முழுக்க இருக்கும். திட்டியிருக்கிறேன். "நாளைலேந்து பட்டாணி" என்பார். பட்டாணி வந்ததே இல்லை.

இன்னொரு பழக்கம். மனு கொடுக்க வருகிறவர்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டார். அவர்கள் முடித்ததும், முழுக் கதையையும் இவர் அவர்களுக்கே திருப்பிச் சொல்வார். "செரியா சொல்றனா?" என்பார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் திருத்துவார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்வார். வந்தவர் "ஆமாங்க, அதேதான்" என்று சொல்லும்வரை விடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும், வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். ஆனால் அங்கிருந்து போகிறவர்கள் பாதி வேலை முடிந்தவர்கள் மாதிரிதான் போவார்கள்.

அப்படி ஒருநாள், பொங்கல் முடிந்த கையோடு, ஒரு அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அப்பா துலுக்காணம், எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். பெண் கற்பகம், செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. நீல மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அப்பா பெண் பக்கமே திரும்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது.

விஷயம் இதுதான். நெடுஞ்சாலையில் எங்கள் பக்கத்தில் 'டேங்க் ஸ்டாப்' என்று ஓர் இடம். கம்பெனி பஸ்கள் அங்கே எதிர்ப்பக்கம் நிற்கும். கற்பகத்தின் ஊரிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வருகிற பெண்கள் சாலையைக் கடந்துதான் பஸ் ஏற வேண்டும். கடக்க நடைமேம்பாலமோ வேறு வழியோ கிடையாது. நடுவில் இடுப்புயரச் சுவர். அதில் யாரோ எப்போதோ உடைத்த ஓர் இடைவெளி. கன்டெய்னர் லாரி ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் ஓடி, அந்த இடைவெளியில் நின்று, மறுபடி ஓட வேண்டும். முந்தின வாரம் கற்பகத்தோடு ஓடிய பெண்ணை ஒரு வேன் தட்டிவிட்டது. கால் முறிந்தது. அன்றைக்கு மகளை அழைத்துப் போக வந்திருந்த துலுக்காணம் எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்திருக்கிறார்.

"உயுந்தது அந்தப் பொண்ணா, என் பொண்ணான்னு எனக்குத் தெரில சார். ரெண்டுமே ஒரே சட்ட. லாரி நவுர்ற வரிக்கும் எனக்கு உசுரு இல்ல" என்றார். "அடுத்த தை பொறக்கிற வரிக்கும் பாக்கறன். பாலம் கட்றதுக்கு ஒரு மம்முட்டி மண்ணாச்சும் எடுக்கணும். இல்லாங்காட்டி இவ வேலய வுட்டுட்டு வூட்டுல இருக்கட்டும். மாப்ள பாத்துடுவன்."

கற்பகம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கு ரோட்டுக்கும் பயமில்ல, லாரிக்கும் பயமில்ல சார். வேலய வுடணும்னாதான் பயம். இப்பதான் என்ன லைன் லீடர் ஆக்கியிருக்காங்க. புதுப் பொண்ணுங்களுக்கு நான்தான் சொல்லித் தர்றன்."

ஏகாம்பரம் வழக்கம்போலக் கதையைத் திருப்பிச் சொன்னார். பாலம், தை மாதம், மாப்பிள்ளை எல்லாம் சொன்னார். "செரியா சொல்றனா?" என்றார்.

"ஒண்ணு வுட்டுட்டீங்க" என்றார் துலுக்காணம். "எனக்கு பயமா கீதுன்னு சொன்னன்."

"ஆமா, சொன்னீங்க" என்று அதையும் சேர்த்து முதலிலிருந்து சொன்னார். துலுக்காணம் தலையாட்டினார்.

அந்த வருடத்தின் முதல் பேச்சு ஜீரோ ஹவரில். அவசரப் பிரச்சினைகளைக் கிளப்புவதற்கான நேரம் அது. காலையில் மனு கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்தால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். பெயர் வந்தது. தமிழில் பேசுகிறார் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தேன். எழுந்தார். மாண்புமிகு சபாநாயகருக்கு நன்றி. கட்சித் தலைவருக்கு நன்றி. தலைவரின் வழியில் நடக்கும் இளந்தலைவருக்கு நன்றி. மாவட்டச் செயலாளருக்கு, ஒன்றியச் செயலாளருக்கு, இரவு பகல் பாராது உழைத்த தொண்டர்களுக்கு, வாக்களித்த பெருமக்களுக்கு நன்றி. அறைக்குள் அத்தனை அழகாகப் பேசுகிற மனிதர், மைக்கைக் கண்டதும் மேடைக்காரர் ஆகிவிட்டார். "எனது தொகுதியில் நெடுஞ்சாலையில்..." என்றார். மணி அடித்தது. மைக் அணைந்தது. அடுத்தவர் எழுந்துவிட்டார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து எம்.பி.க்கள் எல்லோருக்கும் இது உண்டு. நன்றி சொல்லாமல் பேசினால் ஊரில் கேள்வி வரும். பேரை விட்டுவிட்டால் அந்தப் பேருக்குரியவர் ஒரு மாதம் முகம் கொடுக்க மாட்டார். எனவே எல்லோரும் நன்றி சொல்வார்கள், மணி அடிக்கும், உட்காருவார்கள். அச்சாகி வந்த அவைக் குறிப்பில் தலைவர் முதல் வாக்காளர் வரை அனைவரும் இருந்தார்கள். டேங்க் ஸ்டாப் இல்லை.

ஊருக்கு வந்ததும் துலுக்காணம் பால் கேனோடு அலுவலக வாசலில் நின்றார். "டிவில பாத்தன். வோட்டு போட்டவங்களுக்கு நன்றி சொல்ல டெல்லி வரிக்கும் போணுமா? நம்ம தெருவுலயே சொல்லிக்கினு இருக்கலாமே" என்றார். ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் எம்.பி. மேல்.

அடுத்து, பேச வேண்டாம், எழுத்து மூலம் கேட்போம் என்று முடிவு செய்தோம். கேள்வி எழுதிக் கொடுத்தால் அமைச்சகம் எழுத்திலேயே பதில் தர வேண்டும். 'டேங்க் ஸ்டாப் என்னுமிடத்தில் நடைமேம்பாலம் அமைக்கும் திட்டம் உண்டா?' என்று கேட்டோம். அவர் சொல்ல, நான் தட்டச்சு செய்ய, அலுவலகத்தில் இருந்த எல்லோரும் படித்துப் பார்த்தார்கள். பிரமாதம் என்றார்கள். பதில் வந்தது. 'அப்படி ஓர் இடம் துறையின் பதிவுகளில் இல்லை. எனவே இக்கேள்வி எழவில்லை.'

எப்படி எழும்? அங்கே டேங்க் எங்கே இருக்கிறது? சாலையை அகலப்படுத்தியபோதே அந்தத் தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். கம்பெனி பஸ் டிரைவர்கள் வைத்த பெயர் அது. தொட்டி போன பிறகும் பெயர் போகவில்லை. ஷேர் ஆட்டோக்காரரைக் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள், ஒடிசாவிலிருந்து நேற்று வந்து இறங்கியவரைக் கூடக் கேளுங்கள், டேங்க் ஸ்டாப் தெரியும். டெல்லிக்கு மட்டும் தெரியாது. நெடுஞ்சாலைத் துறையைப் பொறுத்தவரை ஊர் என்று ஒன்று கிடையாது, கிலோமீட்டர்தான் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதாலேயே எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"வாம்மா, கல்லத் தேடலாம்" என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை. அவர், நான், கற்பகம், துலுக்காணம் நான்கு பேரும் சாலையோரமாகக் கிலோமீட்டர் கல்லைத் தேடி நடந்தோம். முந்தின கல் கிடைத்தது, அடுத்த கல் கிடைத்தது. டேங்க் ஸ்டாப்புக்கு நேரே இருக்க வேண்டிய கல்லைக் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. முட்செடியை விலக்கிப் பார்த்தோம். ஜல்லிக் குவியலைச் சுற்றி வந்தோம்.

கடைசியில் கற்பகம்தான் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். எதிரே ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர். 'வெற்றி வேந்தரே வருக வருக' என்று எழுதி, ஏகாம்பரம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். பேனரைத் தாங்கிய கால்களுக்குப் பின்னால் மஞ்சள் தலையோடு கல் எட்டிப் பார்க்கிறது.

"யோவ், கல்ல நானே மறச்சிக்கினு கீறன்யா" என்றார் எம்.பி. துலுக்காணம் முட்செடிக்காகக் கொண்டுவந்திருந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுக்க, ஏகாம்பரம் தன் படத்தைத் தானே கழற்றி மடித்தார். அதைக் கட்டிய கட்சிக்காரர் மறுநாள் வந்து எதிர்க்கட்சி சதி என்று குதித்தார். "கெட்ட பசங்க" என்று எம்.பி.யும் கூடச் சேர்ந்து வருத்தப்பட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டச்சு செய்தேன்.

கல் கிடைத்த பிறகு மனிதருக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. கட்சி எந்த விவாதத்தில் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் டேங்க் ஸ்டாப்பைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். கலங்கரை விளக்கங்கள் பற்றிய மசோதாவில் பேச யாரும் முன்வராததால் இவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் தொகுதியில் கடலே கிடையாது. "நடுக்கடலில் போகிற கப்பலுக்கு வழிகாட்ட இந்த அரசுக்கு மனசு இருக்கிறது, நடுரோட்டில் நிற்கிற என் தொகுதிப் பெண்களுக்கு வழி இல்லை" என்றார். அணைகள் பற்றிய விவாதத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி நன்றாகத்தான் தொடங்கினார். மழை கொட்டினால் ஏரியைப் பார்த்து எங்களுக்கு எப்படி வயிற்றைக் கலக்கும் என்று சொன்னார். "அந்தத் தண்ணிக்குக்கூட வெளியே வர மதகு இருக்கிறது ஐயா" என்று தாவிவிட்டார். சபாநாயகர், "உறுப்பினர் மசோதாவைப் பற்றிப் பேசவும்" என்று சொல்வதும், இவர் "அங்கேதான் வருகிறேன்" என்பதும், மணி அடிப்பதும் வாடிக்கை ஆனது.

ஆனால் பலன்? நெடுஞ்சாலைத் துறைக்கான மானியக் கோரிக்கை விவாதத்தில் அவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் வாய்ப்புக் கொடுத்தார்கள். நன்றிப் பட்டியலைப் பாதியாகக் குறைத்திருந்தோம். கிலோமீட்டர் எண்ணைச் சொன்னார், கால் முறிந்த பெண்ணைச் சொன்னார், அழகாகப் பேசினார். கேட்கத்தான் ஆளில்லை. அமைச்சர் இல்லை. முன்வரிசை முழுக்கக் காலி நாற்காலி. சில வாரம் கழித்து 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. அந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் படித்ததுபோல் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதற்கு அர்த்தம் ஒன்றுமே இல்லை.

மழைக்காலம் வந்தது. கற்பகம் ஷிஃப்ட் முடிந்து அலுவலகத்துக்கு வந்தாள். அப்பா ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டார் என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "சார், ஒரு வாட்டியாச்சும் மந்திரி எதிர்ல இருக்கும்போது கேளுங்க" என்றாள்.

மந்திரி எதிரில் இருந்து பதில் சொல்ல வேண்டுமானால் நட்சத்திரக் கேள்விதான் வழி. அதற்கும் குலுக்கல். பெயர் வந்தால் அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், நாம் துணைக் கேள்வி கேட்கலாம். அவர் அங்கே சொல்கிற வார்த்தை லேசுப்பட்டதல்ல. 'செய்கிறேன்' என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. செய்தீர்களா இல்லையா என்று விடாமல் கேட்பதற்கென்றே எம்.பி.க்கள் குழு ஒன்று உண்டு. ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். பட்டியலில் முதல் சில கேள்விகள்தான் எட்டும். பன்னிரண்டு அடித்துவிட்டால் மற்றவையெல்லாம் எழுத்துப் பதிலோடு சரி.

தொடர்ந்து மனு கொடுத்தோம். குளிர்காலக் கூட்டத்தில் எங்கள் பெயர் விழுந்தது. பட்டியலில் கொஞ்சம் கீழேதான், ஆனாலும் எட்டக்கூடிய தூரம்.

எம்.பி.யின் டெல்லி வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. நான்தான் சபாநாயகர், நான்தான் மந்திரி. அவர் எழுந்தவுடன், "மாண்புமிகு தலைவர் அவர்களின்..." என்று வாய் தானாகப் போகும். நான் கரண்டியால் டம்ளரில் தட்டுவேன். உட்காருவார். மறுபடி எழுவார். மறுபடி தலைவர் வருவார். மறுபடி டம்ளர்.

"தலைவர் பேரச் சொல்லலன்னா கொறடா என்ன வுட மாட்டாரும்மா. அடுத்த எலெக்‌ஷன்ல சீட்டு அவரு கையில கீது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் உண்மை.

"அப்ப பேரச் சொல்லுங்க. கற்பகத்துக்கு மாப்பிள்ளை பார்த்துடலாம்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "டம்ளர எடு" என்றார்.

அன்று நான் கட்சி அலுவலக அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கொறடாவின் உதவியாளர். முதல் கேள்வியிலேயே ஆளாளுக்குத் துணைக் கேள்வி கேட்டு நேரத்தை இழுத்தார்கள். இரண்டாவது கேள்விக்கு அமைச்சர் சுதந்திரப் போராட்டத்திலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் டிவியையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர் பாக்கி. சபாநாயகர் அவர் பெயரை அழைத்தார். ஆள் வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எங்கே தூங்கிப்போனாரோ, நன்றாக இருக்கட்டும்.

"திரு. ஏகாம்பரம்" என்றார் சபாநாயகர். சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்து, "டேங்க் ஸ்டாப்தானே?" என்றார். அவை சிரித்தது. ஒரு வருடமாக மசோதாவைப் பற்றிப் பேசாததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

எழுந்தார். கேள்வி எண்ணைச் சொன்னார். அமைச்சர், பதில் அவையின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது என்றார். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், பரிசீலனைதான். துணைக் கேள்விக்கு மறுபடி எழுந்தார். "மாண்புமிகு..." என்றார். என் கை டம்ளரைத் தேடியது. அவர் ஒரு நொடி நின்றார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே, அந்த இடத்தில் எந்த மாதம் வேலை தொடங்கும்? மாதத்தை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நீளமான பிரசங்கத்துக்குத் தயாராக இருந்த அமைச்சர் அப்போதுதான் காதில் மொழிபெயர்ப்புக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தாள்களைப் புரட்டினார். அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு சீட்டு வந்தது. படித்தார். "ஜனவரி மாதத்தில் முதற்கட்டப் பணி தொடங்கும்" என்றார்.

"தலைவர் பேரு எங்க?" என்றார் கொறடாவின் உதவியாளர் என்னைப் பார்த்து.

"ஷ்" என்றேன்.

இன்னொரு துணைக் கேள்வி பாக்கி இருந்தது. ஏகாம்பரம் எழுந்தார். இப்போது சொல்லிவிடுவார் தலைவர் பெயரை என்று நானே நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் அலுவலகத்தில் பேசுகிற குரலில் பேசினார். "ஐயா, அந்த மாசத்த இன்னொரு வாட்டி சத்தமா சொல்லிடுங்க. எங்க ஊர்ல ஒரு தகப்பனார் டிவி முன்னால ஒக்காந்துக்கினு இருக்காரு. அவருக்கு பயமா கீது. செரியா காதுல உயுந்திருக்காது."

மொழிபெயர்ப்பு போய்ச் சேர ஒரு விநாடி ஆனது. பிறகு எல்லாப் பக்கமிருந்தும் சிரிப்பு, மேசை தட்டும் ஓசை. அமைச்சரும் சிரித்துவிட்டார். காமிராவைப் பார்த்துத் திரும்பி நின்று, "ஜனவரி, தகப்பனாரே, ஜனவரி" என்றார். பன்னிரண்டு அடித்தது. நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

கொறடா அவரைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று ஏகாம்பரம் முழுசாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தொடரில் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலில் சீட்டும் கிடைக்கவில்லை. "போனா போவுது. நமக்குச் சாஞ்சிக்கச் செவுரு வூட்டுலயும் கீது" என்றார்.

ஜனவரி வந்தது. நான் தினமும் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆகிவிடும் மேடம் என்றார்கள். பொங்கல் வந்தது. தை பிறந்துவிட்டது. டேங்க் ஸ்டாப்பில் ஒரு மண்வெட்டிகூட வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று ஏகாம்பரமும் நானும் துலுக்காணம் வீட்டுக்குப் போனோம். எருமைகளின் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கற்பகம் உள்ளேயிருந்து வரவே இல்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் சார்" என்றார் துலுக்காணம்.

"தைன்னு நீங்க சொன்னீங்க. ஜனவரின்னு மந்திரி சொன்னாரு. அவுரு மாசம் இன்னும் பாதி கீது" என்றார் ஏகாம்பரம். "உங்க சொல்லு உங்களுக்குப் பெருசுன்னா, அவுரு சொல்லும் அவருக்குப் பெருசா இருக்கும்ல? மாசம் முடியட்டும். அப்பவும் வரலன்னா நானே வந்து மாப்ள வூட்டுல பேசறன்."

துலுக்காணம் பிரஷ்ஷை வர்ணத்தில் தோய்த்து இன்னொரு கொம்புக்கு நீலம் அடித்தார். முடியாது என்று சொல்லவில்லை, அதுவே போதும் என்று வந்துவிட்டோம்.

பாலம் இன்று இருக்கிறது. கட்டி முடிக்க அதற்குப் பிறகும் நாள் பிடித்தது. திறப்பு விழாவுக்கு வேறொரு எம்.பி. வந்தார், நிறைய நன்றி சொன்னார். நான் போகவில்லை. எனக்கு அந்த ஜனவரியின் கடைசி வாரத்துக் காலைதான் போதும்.

கற்பகம்தான் போன் செய்தாள். "அக்கா, டேங்க் ஸ்டாப்ல மூணு கால் இரும்புக் கம்பம் நட்டுக்கினு கீறாங்க, சீக்கிரம் வாங்க." நான் போவதற்குள் துலுக்காணமும் பால் கேனோடு வந்துவிட்டார். பாலத்துக்கு முன்னால் மண்ணைச் சோதிக்க வந்தவர்கள். கம்பத்தில் கனமான இரும்பை இழுத்து இழுத்து விட்டு, குழாயைப் பூமிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். துலுக்காணம் அவர்களிடம், "இன்னாபா பண்றீங்க?" என்றார். அவர்கள் இந்தியில் ஏதோ சொன்னார்கள். இவருக்குப் புரியவில்லை. அவர்களில் ஒருவர் குழாயிலிருந்து வெளியே வந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்தார்.

அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "கீழ நல்ல கெட்டி மண்ணு. நிக்கும்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டைப் பெண்கள் சாலையோரம் கூடியிருந்தார்கள். கற்பகம் மட்டும் அசையாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்றார் துலுக்காணம். "ஷிஃப்டுக்கு நேரம் ஆவல?"

கேனைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசிக்கொண்டு சாலையில் இறங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் சத்தம் கேட்டுத் திறந்தபோது ஒரு கன்டெய்னர் லாரி அவருக்கு முன்னால் முனகிக்கொண்டு நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். துலுக்காணம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெண்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே கடந்தார்கள். கற்பகம் கடைசி. பஸ் படியில் காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் வருவியாப்பா?" என்று கத்தினாள்.

"பாலம் வர்ற வரிக்கும் வரணும்ல?" என்றார் அவர்.